ஒருத்தியின் தோளில் மட்டுமா?

நம் பங்குகளில் நெடுநாளாக வழங்கிவரும் பாராட்டு மொழி ஒன்று உண்டு. நினைவு தப்பிய மாமியாரையோ தந்தையையோ ஆண்டுக்கணக்கில் வீட்டில் வைத்துப் பேணுகின்ற பெண்ணைக் கண்டால், ‘அவள் ஒரு புனிதை, அவளுக்கு மோட்சத்தில் இடம் உறுதி’ என்று சொல்லிவிடுகிறார்கள். ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நிற்கையில் இதைக் கேட்டிருக்கிறோம். அடக்கச் சடங்கு மறையுரைகளிலும் கேட்டிருக்கிறோம். இப்பாராட்டை இனி யாரும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதனை எழுதுகிறோம்.

பாராட்டுகிறவர் பாராட்டிவிட்டு வீடு சென்று உறங்குகிறார். பாராட்டப்பெற்றவள் அன்றிரவும் விழித்திருக்கிறாள். மேலும், ஒருத்திக்குப் புனிதை என்று பெயர் சூட்டிவிட்டால், அதன்பின் களைத்துப்போகவும் சலித்துக்கொள்ளவும் அவளுக்கு உரிமையில்லாமல் போகிறது. ‘என்னால் முடியவில்லை, யாராவது வாருங்கள்’ என்று அவள் வாய்திறந்தால், ‘இத்தனை நாள் பொறுமையாக இருந்தவளுக்கு என்ன வந்தது?’ என்று ஊர் கேட்கிறது. பீடத்தில் ஏற்றிவைத்த சுரூபம் இறங்கி வந்து உதவி கேட்பதை யார் விரும்புவார்?

நோயைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டியுள்ளது. ஏனெனில், படித்தவர் வீடுகளிலும் இது இன்னும் ‘வயதானால் வருகிற மறதி’ என்றே பேசப்படுகிறது. குழம்புக்கு உப்புப் போட்டோமா என்று ஐயுறுவது முதுமை. ஐம்பதாண்டு சமைத்த கை, அரிசியை என்ன செய்வதென்று அறியாமல் அடுப்படியில் நிற்பது நோய். ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், ஐம்பது வயதளவில் நினைவு குலைந்து நோயுற்று இறந்த ஒரு பெண்ணின் மூளையில் கண்ட மாற்றங்களை 1906-இல் மருத்துவர் அவையொன்றில் எடுத்துரைத்தார். டிமென்ஷியா எனப்படும் மறதிநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது அவர் பெயரால் வழங்கும் நோயே. மூளையின் இரத்தக் குழாய்கள் பழுதுபடுவதாலும் மறதிநோய் வரும். 2023-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடச் சிற்றூர்களிலும் அது கூடுதலாகக் காணப்பட்டது. ஆயிரம் குடும்பங்கள் உள்ள பங்கில் இந்நோயாளர் ஒருவரும் இல்லை என்று ஒரு பங்குப் பேரவை கூறுமானால், அது தன் மக்களை அறியவில்லை என்பதே பொருள்.

இடையில் ஒன்று. தடுமாற்றம் எல்லாமே மறதிநோய் ஆகிவிடாது. தைராய்டு சுரப்புக் குறைவு, பி12 வைட்டமின் குறைபாடு, மனச்சோர்வு, சிறுநீர்த் தொற்று, கீழே விழுந்ததால் தலைக்குள் கட்டிய இரத்தம் ஆகியவையும் முதியவரைத் தடுமாறச் செய்யும். காலத்தே கண்டால் இவை பெரும்பாலும் சிகிச்சைக்குக் கட்டுப்படுபவை. இதை அறியாமல் ‘ஏவல்’, ‘முன்னோர் சாபம்’ என்று ஒவ்வொரு செபக்கூட்டமாக முதியவரை அலைக்கழிப்போர் நம்மிடையே உண்டு. செபத்தை நாம் குறைகூறவில்லை. இரத்தப் பரிசோதனைக்குப் போகவேண்டிய நாள்களைச் சாபம் தேடுவதில் கழிப்பதைத்தான் குறைகூறுகிறோம்.

இனி வீட்டுக்குள் வருவோம். நாமறிந்த கடலோரப் பங்கு ஒன்றில் ஒரு தாய். பிள்ளைகள் ஐவர். மூத்தவர் வளைகுடா நாட்டில், அடுத்தவர் சென்னையில், பெண்கள் இருவரும் வேறு ஊர்களில் வாழ்க்கைப்பட்டவர்கள். ஊரிலிருக்கும் கடைசி மகன் விடியுமுன் கடல் தொழிலுக்குப் போகிறார். எஞ்சியவள் அவர் மனைவி. பிற்பகல் நான்கு மணியானதும் அந்தத் தாய் அமைதி இழக்கிறார்; ‘வீட்டுக்குப் போகணும், அம்மா தேடும்’ என்று வாசலுக்கு வருகிறார். அவர் தேடுவது எழுபதாண்டுகளுக்கு முன் தாம் வளர்ந்த வீட்டை. கதவைத் தாழிட்டால் அடைத்து வைத்துவிட்டாள் என்று கூக்குரல். திறந்துவிட்டால் கடற்கரைச் சாலை நெடுகத் தேடவேண்டும். உண்டு கால்மணி நேரம் ஆகுமுன் ‘இவள் எனக்குச் சோறு போடவில்லை’ என்று அண்டை வீட்டாரிடம் முறையிடுகிறார். தாமே தலையணை உறைக்குள் ஒளித்த சங்கிலியை மருமகள் திருடிவிட்டதாகச் சொல்கிறார். குளிக்க மறுக்கிறார். இரவில் இருமுறை உடை மாற்ற வேண்டியிருக்கிறது. இவையெல்லாம் நோயின் குறிகள் என்று மருத்துவம் சொல்கிறது. அண்டை வீட்டாருக்கு அதை யார் சொல்வது? சோறு போடாத மருமகள் என்ற பெயர் தெருவில் நிலைத்துவிட்டது. அதே வாய்கள்தாம் கோவில் முற்றத்தில் அவளைப் புனிதை என்கின்றன!

மூத்தவர் மாதந்தோறும் பணம் அனுப்புகிறார், அதை மறுப்பதற்கில்லை. கைப்பேசியில் முகம் பார்த்து, ‘அம்மா ஏன் இப்படி மெலிந்துவிட்டார்?’ என்றும் கேட்கிறார். ஆண்டுக்கொருமுறை வந்து பத்து நாள் தங்குகையில், ‘முதியோர் இல்லம் என்ற பேச்சையே எடுக்கக்கூடாது; அது நம் குடும்பத்துக்கு இழுக்கு’ என்று சொல்லிச் செல்கிறார். அந்தப் பத்து நாளில் ஓரிரவாவது தாயின் அறையில் அவர் படுத்திருப்பாரானால், இழுக்கு எது என்பதைப் பற்றி அவரோடு பேசலாம்.

‘முதியோரை வீட்டில் வைத்துப் பேணுவது தமிழர் பண்பாடு, இல்லங்களில் விடுவது மேலைநாட்டு வழக்கம்’ என்பது நமக்கு வரும் மறுமொழி. வீட்டில் பேணுவதையே நாமும் விரும்புகிறோம். பழகிய முற்றமும் பழகிய குரலும் நினைவு தப்பியவருக்கு எத்தகைய ஆறுதல் என்பதைக் கண்டிருக்கிறோம். பெற்ற மகளின் பெயரை மறந்தவர், செபமாலையைக் கையில் கொடுத்ததும் மங்கள வார்த்தைச் செபத்தைத் தடங்கலின்றிச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். ஆயின் அந்தப் பண்பாடு தழைத்த வீட்டில் எத்தனை கைகள் இருந்தன? ஓரகத்தியர் இருந்தனர், நாத்தனார் இருந்தார், கணவனை இழந்து பிறந்தகம் திரும்பிய அத்தை இருந்தார், தெருவுக்குள் கால் வைப்போரையெல்லாம் கவனிக்கும் சின்னத் தாத்தா திண்ணையில் இருந்தார். அன்று பத்துப் பேர் சுமந்ததை இன்று இரு கைகளில் ஏற்றிவிட்டு, பழைய பெயரை மட்டும் வைத்துக்கொள்வது நேர்மையன்று. அந்தப் பத்துப் பேரிலும் உடலுழைப்பைத் தந்தவர் பெரும்பாலும் பெண்களே என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவோம்.

நாட்டின் சட்டம் இதில் தெளிவாக உள்ளது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்காக 2007-இல் இயற்றப்பட்ட சட்டம், ‘பிள்ளைகள்’ என்பதற்கு மகன், மகள், பேரன், பேத்தி என்று பொருள் கூறியது. மருமகள் அப்பட்டியலில் இல்லை. சட்டம் பெயர் சொல்லாதவளின்மேல் வழக்கம் கடனை ஏற்றிற்று. பெயர் சொன்னவர்களை மணியார்டரோடும் வங்கி வரவோடும் விடுவித்தது.

மறைநூலைக் கொண்டு இவ்வழக்கத்தைக் காப்பாற்றவும் இயலாது. சீராக்கின் ஞான நூல் 3-ஆம் அதிகாரம், தந்தையின் அறிவு தளர்ந்தாலும் அவரைப் பொறுத்துக்கொள்ளுமாறும், தன் வலிமையால் செருக்குற்று அவரை இகழாதிருக்குமாறும் பிள்ளையை விளித்துக் கூறுகிறது. தந்தைக்குப் பிள்ளையை, மாமனாருக்கு மருமகளை அன்று. அப்பகுதியை வைத்து மறையுரை ஆற்றுவோரின் பார்வை மட்டும் ஏன் பெண்கள் அமர்ந்திருக்கும் பக்கமே திரும்புகிறது? தொடக்க நூலில், மது மயக்கத்தில் ஆடையின்றிக் கிடந்த நோவாவின் உடலைப் போர்த்தியவர் யார்? சேமும் எப்பேத்தும், அவருடைய புதல்வர்கள். தந்தையின் திறந்த மேனியைக் காணாதபடி பின்னோக்கி நடந்துசென்று போர்த்தினார்கள். உடை மாற்றுவது ஆண்பிள்ளைக்கு ஆகாத வேலை என்று சொல்லும் வீடுகளில் இப்பகுதியை உரக்கப் படிக்கலாம்.

இன்னும் கடுமையானது மாற்கு நற்செய்தியின் 7-ஆம் அதிகாரம். பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் ‘கொர்பான்’ என்று கூறி, அது கடவுளுக்குரிய காணிக்கை ஆகிவிட்டது எனக் கைகழுவினோரை ஆண்டவர் கடிந்துகொண்டார். கொர்பான் வழக்கொழிந்துவிட்டதா? திருவிழாச் சப்பரத்துக்கு மின்விளக்கு, கோபுரத்துக்கு வண்ணப்பூச்சு, கல்வெட்டில் குடும்பப் பெயர் என்று தாராளமாகக் கொடுத்துவிட்டு, தாயைப் பார்த்துக்கொள்ள வாரம் மூன்று நாள் ஒரு பணிப்பெண்ணை அமர்த்தும் செலவை அண்ணன் தம்பியருக்குள் பங்கிட ஆறு மாதம் பேசிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பங்குப் பேரவை, பாடகர் குழு, தவக்காலத் தியான ஏற்பாடு என்று மாலைதோறும் கோவில் வளாகத்தில் ஓடியாடும் சிலருக்கு, தம் வீட்டில் அந்த மாலைப்பொழுதே மிகக் கடினமான பொழுது என்பது தெரியாது. நேரமும் கொர்பான் ஆகும்.

குடும்பங்களைச் சாடிவிட்டுப் பங்கை விட்டுவிடலாகாது. இரண்டாம் யோவான் பவுல் 1992-இல் ஏற்படுத்திய உலக நோயாளர் நாள் பிப்ரவரி 11-இல் வருகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் ஏற்படுத்திய தாத்தா பாட்டியர், முதியோர் நாள் ஜூலை நான்காம் ஞாயிற்றில் வருகிறது. திருப்பலி, பொன்னாடை, ஆளுக்கொரு பழப்பை, இறுதியில் குழுப்படம். வரமுடிந்தவர்களுக்கு நல்லதே. மறதிநோயாளர் அதற்கு வருவதில்லை. அவரை விட்டு அகல முடியாததால் பேணுகிறவளும் வருவதில்லை. அப்படத்தில் இல்லாதவர்களின் பட்டியலை எந்தப் பங்கு எடுத்திருக்கிறது?

நற்கருணை பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. ‘அவருக்குத்தான் ஒன்றும் தெரியாதே, எதற்கு?’ என்று கேட்டு, வீடுகளுக்கு நற்கருணை கொண்டுசெல்வோர் அந்த வாசலைத் தாண்டிப் போகிறார்கள். அறிவு தெளிவாயிருந்த நாளில் பக்தியோடிருந்து பின்னர் அதை இழந்தவருக்கு, உமிழ்ந்துவிடும் ஆபத்து இல்லையெனில் இறக்கும் வேளையில் நற்கருணை வழங்கவேண்டும் என்று புனித தோமா அக்குவினார் 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். அறிவுத்திறன் குறைந்தோர் தம்மை ஏந்தி நிற்கும் குடும்பத்தின், சமூகத்தின் நம்பிக்கையிலும் அதைப் பெறுகின்றனர் என்று 16-ஆம் பெனடிக்ட் 2007-இல் வெளியிட்ட ஊக்கவுரை கூறுகிறது. நோயில்பூசுதலைப் பொறுத்தவரை, தன்னுணர்வோடிருந்தபோது மறைமுகமாகவேனும் விரும்பியவருக்கு அதனை வழங்கவேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்தின் 1006-ஆம் எண். எழுபதாண்டு ஞாயிறு தவறாத ஒரு மூதாட்டி அதை விரும்பினாரா என்று ஐயுறுவோரும் இருக்கிறார்கள்!

‘பங்கு என்ன மருத்துவமனையா?’ என்று கேட்கலாம். மருத்துவமனை வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. கோவாவில் 81 குடும்பங்களைக் கொண்டு நடத்தப்பெற்று 2008-இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறையேனும் மறதிநோயாளர் வீடுகளுக்கு ஆறு மாதகாலம் சென்றார்கள். நோயைப் பற்றி விளக்கினார்கள். அன்றாட வேலைகளில் வழிகாட்டினார்கள். பேணுகிறவரின் குறைகளைக் கேட்டார்கள். பேணுகிறவர்களின் மனநலம் மேம்பட்டது. நோய் குணமாகவில்லை, குணமாக்கும் மருந்து அதற்கு இன்னும் இல்லை. சுமந்தவரின் மூச்சு திரும்பிற்று, அவ்வளவே. 1992-இல் கொச்சியில் தொடங்கப்பெற்ற இந்திய அல்சைமர் சங்கம் போன்ற அமைப்புகள் பேணுகிறவர்களுக்குப் பயிற்சி அளித்துவருகின்றன. மருத்துவமனைகளும் செவிலியர் பள்ளிகளும் நடத்தும் மறைமாவட்டங்களுக்கு ஒரு வாரப் பயிற்சி பெரிய காரியமா? வார நாள்களில் பூட்டிக் கிடக்கும் பங்கு மண்டபத்தைக் காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை பகல்நேரக் காப்பகமாகத் திறப்பதற்கு எந்த ஆணைக்காகக் காத்திருக்கிறோம்?

இல்லங்களைப் பற்றியும் ஒரு சொல். மறதிநோயாளரை ஏற்கத் தயங்கும் முதியோர் இல்லங்களே மிகுதி; எழுந்து நடமாடித் தம் வேலையைத் தாமே செய்வோர் என்றால் இடம் தருகிறார்கள். எனவே வீட்டிலும் ஆளில்லை, வெளியிலும் இடமில்லை. இந்நிலையில் அலைந்து திரிந்து ஓர் இல்லம் கண்டுபிடித்துச் சேர்க்கிற குடும்பத்தைப் பாவிகள் என்று தீர்ப்பிடுகிறவர், அக்குடும்பத்து இரவுகளில் தாம் எத்தனை இரவு துணையிருந்தோம் என்று எண்ணிப்பார்த்துவிட்டுத் தீர்ப்பிடட்டும்.

தவக்கால வெள்ளிதோறும் சிலுவைப்பாதையின் ஐந்தாம் நிலையில் முழந்தாளிடுகிறோம். சீரேன் ஊர்ச் சீமோன் தாமே முன்வரவில்லை என்பதை நற்செய்தியாளர்கள் மறைக்கவில்லை. வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவரைப் பிடித்துக் கட்டாயப்படுத்தினார்கள். ஆகவே, ‘விருப்பமுள்ளோர் முன்வரலாம்’ என்று பலிபீடத்திலிருந்து அறிவித்துவிட்டுக் காத்திருப்பதில் நமக்கு நம்பிக்கையில்லை. முறை வைத்தே செய்ய வேண்டும். திருவிழாவுக்கு வரி வைப்பது போல, கோவில் துப்புரவுக்கு வாரம் பிரிப்பது போல. ஓர் அன்பியத்தில் 25 வீடுகள் என்று கொள்வோம். வீட்டுக்கு மாதம் இரண்டு மணி நேரம் என்றால் 50 மணி நேரம். வாரத்துக்கு ஏறத்தாழ 12 மணி நேரம். அவ்வளவில் அவள் ஞாயிறு திருப்பலிக்குப் போகலாம். இரண்டு பகல் உறங்கலாம். பல்வலிக்கு மருத்துவரைப் பார்க்கலாம்.

அடுத்த அன்பியக் கூட்டத்தில் நற்செய்திப் பகிர்வு முடிந்ததும், தேநீர் வருமுன், ஒரு நோட்டில் பெயர், கிழமை, மணி என்று மூன்று கட்டம் போட்டுச் சுற்றுக்கு விடுங்கள். ஆண்கள் அமர்ந்திருக்கும் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.