குல்மர்கில் பனி வந்தது, பருவம் போகும் நேரத்தில்

2025 மார்ச் 9 முதல் 12 வரை, அதாவது ரமளான் பிறை 8 முதல் 11 வரை, காஷ்மீரின் குல்மர்கில் 'கேலோ இந்தியா' குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் நடந்து முடிந்தன. பனிச்சறுக்கு, பனிமலையேற்றம், ஸ்னோபோர்டு என்று நாடு முழுவதிலுமிருந்து வீரர்கள் வந்திருந்தார்கள். ராணுவ அணி பதக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. நம் ஊர்ப் பத்திரிகைகளில் இது ஒரு துண்டுச் செய்தியாக வந்து மறைந்துவிட்டது.

இந்தப் போட்டி உண்மையில் பிப்ரவரி 22 முதல் 25 வரை நடந்திருக்க வேண்டும். பனி இல்லை என்பதால் தள்ளிவைத்தார்கள். பிப்ரவரி மாதம் குல்மர்கில் பனி இல்லை என்பது ஆடி மாதம் குற்றாலத்தில் தண்ணீர் இல்லை என்பது போன்ற செய்தி. பிறகு பிப்ரவரி கடைசி வாரத்தில் வானம் திறந்தது. இரண்டு மூன்று நாட்களில் கொட்டித் தீர்த்தது. அந்தப் பனியின் மீதுதான் மார்ச்சில் போட்டி நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், போட்டி நடந்துவிட்டது, வந்தவர்கள் மகிழ்ச்சியோடு திரும்பினார்கள். ஆனால் இந்தத் தாமதத்திற்குப் பின்னால் இருப்பது விளையாட்டுச் செய்தி அல்ல, ஒரு பள்ளத்தாக்கின் குடிநீர்ச் செய்தி. அதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

நாற்பது நாள் கணக்கு

காஷ்மீரிகள் குளிர்காலத்தை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 21இல் தொடங்கும் 40 நாட்கள் 'சில்லாய் கலான்', பெரிய குளிர். அடுத்த 20 நாட்கள் 'சில்லாய் குர்த்', சின்னக் குளிர். கடைசி 10 நாட்கள் 'சில்லாய் பச்சா', குழந்தைக் குளிர். பாரசீகம் தெரிந்தவர்களுக்கு இந்தப் பெயர்களின் பொருள் உடனே பிடிபடும். மத்ரஸாவில் நாம் படித்த காலத்தில் பாரசீகப் பாடத்தை வேண்டா வெறுப்பாகப் படித்தோம். அது இப்படி ஒரு வானிலைக் கட்டுரைக்குப் பயன்படும் என்று அன்று எண்ணவில்லை.

இந்தக் கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. சில்லாய் கலானில் விழும் பனிதான் தங்கும் பனி. அப்போது குளிர் கடுமை. பகலிலும் வெயிலுக்கு வலு கிடையாது. விழுந்த பனி இறுகும், அடுத்து விழுவது அதன் மேல் அமரும், மலைமேல் அடுக்கடுக்காகச் சேரும். அந்தச் சேமிப்புதான் ஏப்ரல், மே, ஜூன் என்று மெல்ல உருகி ஜீலம் நதிக்கும் ஊற்றுகளுக்கும் நெல்வயலுக்கும் வருகிறது. பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் விழும் பனியின் கதை வேறு. அது ஈரம் மிகுந்தது, வெயிலும் ஏறிவிட்டது. சில வாரங்களில் உருகி ஓடிவிடும். பார்ப்பதற்கு இரண்டும் ஒரே வெள்ளைதான். ஒன்று வங்கியில் போட்ட பணம், மற்றொன்று கைச்செலவுக்கு வந்த பணம்.

இந்தப் பனியைக் கொண்டுவருவது 'மேற்கத்திய இடையூறு' என்று வானிலைத் துறை சொல்லும் காற்றுச் சுழல்கள். மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக வந்து இமயமலையில் மோதி ஈரத்தைக் கொட்டுகின்றன. நமக்கு வடகிழக்குப் பருவமழை எப்படியோ, காஷ்மீருக்கு இவை அப்படி. இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகத்திலிருந்து 2024இல் வந்த ஓர் ஆய்வு, எழுபது ஆண்டுத் தரவுகளை எடுத்துக்கொண்டு, இந்தச் சுழல்கள் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களிலும் அதிகம் வரத் தொடங்கிவிட்டன என்று காட்டியது. டிசம்பர், ஜனவரியில் எதிர்பார்த்துக் காத்திருக்கும்போது வராமல், கோடையின் வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது?

2024 ஜனவரியில் இதைவிட மோசம். குல்மர்கின் புல்வெளி பழுப்பு நிறத்தில் காய்ந்து கிடந்த படங்கள் எல்லோர் கைப்பேசியிலும் சுற்றின. முன்பதிவுகள் ரத்தாகின. பள்ளத்தாக்கின் பள்ளிவாசல்களில் மழைத் தொழுகை நடத்தினார்கள். நம்மூரில் மழைக்காகத் திடலில் நின்று தொழுதிருக்கிறோம். பனிக்காக ஒரு சமுதாயம் கையேந்தி நிற்பதை அப்போதுதான் பலர் முதன்முறையாகப் பார்த்தோம். ஜனவரி இறுதியில் பனி இறங்கத் தொடங்கியது. அந்த ஆண்டுப் போட்டி பிப்ரவரி 21இல் தொடங்கி 25இல் முடிந்தது. 2025இல் அதுவும் முடியாமல் மார்ச்சுக்குப் போய்விட்டது.

வசந்தத்தில் சறுக்குவது எப்படி?

குல்மர்க் புல்வெளி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரம். அங்கிருந்து ரோப் கார், அங்கே 'கொண்டோலா' என்பார்கள், முதல் கட்டத்தில் கொங்டூரி வரையும் இரண்டாம் கட்டத்தில் அஃபர்வத் மலைத்தோள் வரையும் போகிறது. மேல் நிலையம் 4,000 மீட்டரை நெருங்கும். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஆறு ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்ற பள்ளிக்கூடக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், கீழே எட்டு டிகிரி இருக்கும்போது மேலே உறைநிலை. ஆகவே மார்ச் கடைசியில் கீழே சேறும் புல்லும் தெரியும்; மேலே வெள்ளை அப்படியே இருக்கும். இரண்டும் ஒரே டிக்கெட்டின் இரண்டு முனைகள்.

வசந்தகாலப் பனிக்கு ஒரு தினசரி ஒழுங்கு உண்டு. இரவில் உறைந்து கண்ணாடி போல இறுகும். அதிகாலையில் அதில் சறுக்கினால் பலகையின் விளிம்பு பிடிக்காது, எலும்புதான் முறியும். வெயில் ஏறி ஒன்றிரண்டு மணி நேரத்தில் மேல்தோல் மட்டும் இளகி, கரடுமுரடான சர்க்கரை போல ஆகும். அதுதான் நல்ல நேரம். நடுப்பகல் தாண்டினால் கூழ். பலகை புதையும், முழங்கால் திருகும். அனுபவமுள்ள வழிகாட்டிகள் மார்ச் கடைசியில் பிற்பகலுக்குள் ஆட்களைக் கீழே இறக்கிவிடப் பார்ப்பார்கள். நம்மவர்கள் பதினொரு மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பிப்போய், "மேலே போகக் கூடாது என்கிறான், ஏமாற்றுகிறான்" என்று சண்டை பிடிப்பதும் நடக்கிறது.

கூழ்ப் பனியைவிடப் பெரிய ஆபத்து பனிச்சரிவு. தாமதப் பனிக்கும் பனிச்சரிவுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. பருவத் தொடக்கத்தில் மெல்லியதாக விழுந்த பனி, வறண்ட குளிரில் பல வாரம் கிடக்கும்போது, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத மணல் போல மாறிவிடும். அதன் மேல் திடீரென்று மூன்று நான்கு அடி புதுப்பனி ஏறினால், மணல் மேல் கட்டிய கூரைதான். ஒருவர் சறுக்கிக்கொண்டு குறுக்கே போனாலே பாளமாகப் பெயர்ந்து வரும். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத் சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இப்படித்தான் பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்தார்கள். 2024 பிப்ரவரி 22 அன்று, கீழே தேசியப் போட்டி நடந்துகொண்டிருந்தபோதே, ரஷ்ய நாட்டவர் ஒருவர் இறந்தார். 2025 பிப்ரவரி கடைசியில் குல்மர்கை மகிழ்வித்த அதே பனிப்பொழிவு, உத்தராகண்டின் மாணா கிராமத்துக்கு அருகே சாலைப் பணியாளர்களின் முகாமைப் புதைத்து எட்டுத் தொழிலாளர்களின் உயிரைக் குடித்தது.

வெள்ளைக்குக் கீழே வறட்சி

போட்டி தள்ளிப்போன அதே பிப்ரவரியில் அனந்த்நாக் மாவட்டத்தின் அச்சபல் ஊற்று வற்றிப்போனது. முகலாயர் காலத் தோட்டத்தின் நடுவே பொங்கி ஓடும் ஊற்று அது. தோட்டத்தை விடுங்கள், சுற்றுக் கிராமங்களுக்கு அதுதான் குடிநீர். ஜம்மு காஷ்மீர் தண்ணீர் நெருக்கடியை நோக்கிப் போகிறது என்று முதலமைச்சர் உமர் அப்துல்லாஹ்வே வெளிப்படையாகச் சொன்னார். இது ஓராண்டுப் பிரச்சினை அல்ல, சில ஆண்டுகளாகவே வளர்ந்து வருவது என்றும் ஒப்புக்கொண்டார்.

2018இல் இதே போன்ற வறண்ட குளிர்காலத்துக்குப் பின், வட காஷ்மீர் விவசாயிகளிடம் இந்த ஆண்டு நெல் போடாதீர்கள் என்று பாசனத் துறையே அறிவுறுத்தியது. அரிசிச் சோறு இல்லாமல் ஒரு வேளை போகாத மக்களிடம் நெல் போடாதே என்றால் எப்படி இருக்கும் என்பதைக் காவிரிப் பாசனக் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பலர் ஏற்கெனவே நெல்லை விட்டு ஆப்பிளுக்கு மாறிவிட்டார்கள். ஆப்பிளும் தப்பவில்லை. பிப்ரவரியில் வெயிலடித்தால் மரம் ஏமாந்து முன்கூட்டியே மொட்டு விடுகிறது. மார்ச், ஏப்ரலில் குளிரும் ஆலங்கட்டியும் வந்தால் மொட்டு கருகுகிறது. கோயம்பேட்டில் செப்டம்பரில் ஆப்பிள் விலை ஏறும்போது காரணம் இங்கேயும் இருக்கலாம். மின்சாரமும் அப்படித்தான். ஓடுகிற ஆற்று நீரில் சுழலும் நிலையங்கள், ஆறு மெலிந்தால் மெலியும்.

இந்தச் சூழலில் மார்ச் மாதம் காஷ்மீரைப் பற்றி நாடு முழுக்கப் பேசப்பட்டது என்ன தெரியுமா? மார்ச் 7 அன்று குல்மர்க் பனியின் மீது நடந்த ஓர் ஆடை அலங்கார அணிவகுப்பு. ரமளானில், முஸ்லிம்கள் வாழும் ஊரில், அரைகுறை ஆடையோடு அப்படி ஒன்றை நடத்தியது மக்களின் மனத்தைப் புண்படுத்தியது. மீர்வாயிஸ் உமர் ஃபாரூக் கண்டித்தார், முதலமைச்சர் அறிக்கை கேட்டார், சட்டமன்றத்தில் அமளி நடந்தது, ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். அந்தக் கண்டனத்தில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் அந்தக் காணொளியைக் கண்டித்துக்கொண்டே ஆளுக்கு நான்கு குழுவுக்கு அனுப்பியவர்கள், அச்சபல் வற்றியதை ஒருவருக்காவது அனுப்பினார்களா? பனியின் மேல் நடந்ததற்கு ஒரு வாரம் கோபப்பட்டோம். பனியே இல்லாமல் போவதற்கு ஒரு நாளும் கவலைப்படவில்லை. ஆலிம்களாகிய நாங்களும் இதில் சேர்த்தி.

பனியைச் செயற்கையாகச் செய்துகொள்ளலாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். செய்யலாம். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக் கிட்டத்தட்ட முழுவதும் இயந்திரப் பனியில்தான் நடந்தது. குல்மர்க் பகுதியைச் சேர்ந்த ஆரிஃப் கான், அந்த ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் கலந்துகொண்டு, பெருஞ்சரிவுப் போட்டியில் 45ஆம் இடம் பெற்றார். குல்மர்கில் சறுக்கு உபகரணக் கடை வைத்திருப்பவரின் மகன் அவர். ஆனால் அந்த இயந்திரத்துக்கும் இரண்டு பொருள் வேண்டும்: உறைநிலைக்குக் கீழான காற்று, நிறையத் தண்ணீர். ஊற்று வற்றும் ஊரில் குளத்து நீரை உறிஞ்சி மலையில் தெளிப்பது எந்த வகையில் நியாயம் என்பதையும் அதே இளைஞர்கள் யோசிக்கட்டும்.

பெருநாளுக்குப் பின் போகிறவர்களுக்கு

இன்ஷா அல்லாஹ் பெருநாள் முடிந்ததும் நம் குடும்பங்கள் பல காஷ்மீர் புறப்படும். ஏப்ரலில் குல்மர்க் புல்வெளியில் பனியை எதிர்பார்க்காதீர்கள். இரண்டாம் கட்ட கொண்டோலாவில்தான் கிடைக்கும். டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், அங்கே போய்த் தரகரிடம் மாட்ட வேண்டாம். காற்று வலுத்தால் மேல் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள், அதற்காக ஊழியரிடம் கத்துவதில் பயனில்லை. கயிறு கட்டி எல்லை வைத்த இடத்தைத் தாண்டிப் படம் எடுக்கப் பிள்ளைகளை விடாதீர்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. அங்கே சறுக்குவண்டி இழுப்பவர், மட்டக்குதிரைக்காரர், பூட்ஸ் வாடகைக்குக் கொடுப்பவர் எல்லோருக்கும் வருமானம் அந்தச் சில வாரங்கள்தான். டிசம்பரிலிருந்து மார்ச் வரை ஓட வேண்டிய தொழில் 2025இல் சுருங்கிவிட்டது. நியாயமான கூலியைப் பேசி முடித்துவிட்டு ஏறுங்கள். இறங்கிய பின் பேரம் பேசாதீர்கள்.

எங்கள் பள்ளிவாசலுக்கு ஆண்டுதோறும் குளிர்காலத்தில் சால்வை விற்க வரும் காஷ்மீரி வியாபாரி ஒருவர் தொழ வருவார். உர்தூவில் பேச நாம் இருப்பதால் நம்மிடம் நின்று பேசுவார். அவருடைய தம்பி தங்மர்கிலிருந்து தினமும் மேலே ஏறிச் சறுக்குவண்டி இழுக்கிறார். போன வாரம் தராவீஹ் முடிந்து வெளியே வந்தபோது, "பனி வந்துவிட்டதாமே, தம்பிக்கு வேலை கிடைத்ததா?" என்று கேட்டோம்.

"கிடைத்தது மௌலானா சாப். நோன்பு வைத்துக்கொண்டே இழுக்கிறான். ஆனால் இன்னும் இரண்டு வாரம்தான். ஈத் முடிந்ததும் வண்டியைக் கட்டிவைத்துவிட்டு ஆப்பிள் தோட்டத்துக்கு மருந்தடிக்கக் கூலிக்குப் போய்விடுவான். இந்த வருஷம் மொட்டு சீக்கிரமே வந்துவிட்டதாம்" என்றார்.