பிளம் கேக்கும் ஒரு ஃபார்வர்டும்: ஆபீஸ் கிறிஸ்துமஸ் லஞ்சில் என்ன நடந்தது?

போன டிசம்பர் மூன்றாவது வாரம். எங்கள் ஆபீஸ் பேன்ட்ரியில் நாலு மேசையை ஒன்றாக இழுத்துப் போட்டு, மேலே சிவப்பு சார்ட் பேப்பர் விரித்திருந்தோம். டீமில் கிறிஸ்துமஸ் கொண்டாடுபவர்கள் மூன்றே பேர். சாப்பிட வந்தவர்கள் முப்பத்தாறு பேர். இதுதான் ஆபீஸ் கிறிஸ்துமஸ் லஞ்சின் அழகு. யாருடைய பண்டிகை என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. பிரியாணி எத்தனை ட்ரே என்பதில்தான் எல்லோருக்கும் அக்கறை.

நாகர்கோவில்காரர் முந்திரிக்கொத்து கொண்டுவந்திருந்தார். தூத்துக்குடிக்காரங்க மக்ரூன் இல்லாமல் வந்தால் உள்ளே விடமாட்டோம் என்று முதல் நாளே மிரட்டி வைத்திருந்ததால், இரண்டு டப்பா வந்தது. பெரம்பூரிலிருந்து வரும் ஆங்கிலோ இந்திய நண்பர் அவருடைய அம்மா செய்த கல்கல் எடுத்து வந்தார். சின்னச் சின்ன சோழி மாதிரி இருக்கும், பத்து சாப்பிட்ட பிறகுதான் எண்ணவே தோன்றும். சைவத்துக்குத் தனி மேசை போட்டிருந்தோம். அங்கே சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். பிரியாணிக்காரர்கள் பாதிப்பேர் வறுவலுக்காக அந்தப் பக்கம்தான் நின்றார்கள்.

நடுவில் 3 கிலோ பிளம் கேக். மேடவாக்கத்தில் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் ஒரு அக்காவிடம் சொல்லி வாங்கியது. எங்கள் பில்டிங்கில் முன்பு வேலை பார்த்தவர், குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டவர். அவரை டீமுக்கு அறிமுகம் செய்துவைத்தது நான்தான்.

சாப்பாட்டுக்கு நடுவே நானும் என் பங்குக்கு ஒரு தகவலை அள்ளிவிட்டேன். "சான்டாவோட சிவப்பு டிரெஸ்ஸே கோகோ கோலா கம்பெனி விளம்பரத்துக்காகக் கண்டுபிடிச்சதுதான், தெரியுமா?" எல்லோரும் "அட!" என்றார்கள். எனக்கு ஒரு பெருமை. விஷயம் என்னவென்றால், அது தப்பு. ஹேடன் சண்ட்ப்ளோம் என்ற ஓவியர் கோலா விளம்பரத்துக்கு சான்டா படங்களை வரையத் தொடங்கியது 1931-ல். சான்டாவைத் தாடியும் தொப்பையுமாக தாமஸ் நாஸ்ட் 19-ம் நூற்றாண்டிலேயே வரைந்துவிட்டார். சிவப்பு உடை போட்ட சான்டாவும் கோலா விளம்பரத்துக்கு முன்பே அச்சில் வந்தாச்சு. கோலா அந்த உருவத்தை உலகம் முழுக்கப் பரப்பியது, அவ்வளவுதான். இதை எங்கே படித்தேன் என்று யோசித்தால் ஞாபகமே வரவில்லை. ஏதோ ஒரு ஃபார்வர்டு.

இது யாரையும் பாதிக்காத பொய். அடுத்து வந்தது அப்படியில்லை.

12.40-க்கு வந்த மெசேஜ்

கேக் வெட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் டீம் குரூப்பில் ஒரு மெசேஜ். அனுப்பியவர் எங்கள் சீனியர் ஒருவர். நல்ல மனுஷர், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் போன் செய்பவர். மெசேஜின் சாரம் இதுதான்: ஒரு பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரி வெளியிட்ட பட்டியல், உணவில் சேர்க்கும் ரசாயனங்களில் மிக ஆபத்தானது ஈ330, கேக்கிலும் டூட்டி ஃப்ரூட்டியிலும் இருக்கிறது, பண்டிகைக்கு முன் எல்லோருக்கும் பகிரவும். மேலே இரட்டை அம்புக்குறியுடன் "பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது" என்ற குறிப்பு. அதை யார் பார்க்கிறார்கள்?

யாரோ கேக் பெட்டியைத் திருப்பினார்கள். அந்த அக்கா நேர்மையானவர். ஒவ்வொரு பெட்டியிலும் என்னென்ன போட்டேன் என்று ஸ்டிக்கர் ஒட்டித்தான் கொடுப்பார். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்த 14 இலக்க எண்ணும் அதில் இருக்கும். டூட்டி ஃப்ரூட்டிக்கு நேராக, பாக்கெட்டில் இருந்தபடியே எழுதியிருந்தார்: சர்க்கரை, பப்பாளி, ஐ.என்.எஸ். 330.

"இதோ இருக்கே!"

அவ்வளவுதான். ஸ்டிக்கரே ஒட்டாமல் கொடுத்திருந்தால் தப்பித்திருப்பார். சிலர் கையில் எடுத்த துண்டைத் திரும்ப வைத்தார்கள். சிலர் "டயட்" என்றார்கள். சாயங்காலம் பார்த்தால் 2 கிலோவுக்கு மேல் அப்படியே மிச்சம்.

ஈ330 என்பது என்ன?

சிட்ரிக் அமிலம். எலுமிச்சம் பழத்தின் புளிப்புக்குக் காரணமான அதே பொருள். ஈ330 என்பது ஐரோப்பாவில் அதற்குக் கொடுத்த எண், ஐ.என்.எஸ். 330 என்பது நம்மூர் பாக்கெட்டுகளில் வரும் எண். டூட்டி ஃப்ரூட்டி என்பது பெரும்பாலும் பப்பாளிக் காயைச் சின்னச் சின்னதாக நறுக்கி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, நிறம் சேர்த்தது. அதில் கொஞ்சம் புளிப்புக்காக இது சேர்கிறது. நாம் சாதத்தில் பிழிந்துகொள்ளும் எலுமிச்சையில் இதைவிட அதிகம் இருக்கும்.

தொழிற்சாலையில் சிட்ரிக் அமிலம் தயாராவது ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற கறுப்புப் பூஞ்சையின் உதவியால். 1917-ல் ஜேம்ஸ் கர்ரி என்ற விஞ்ஞானி கண்டறிந்த வழி அது. "கேக்கில் கறுப்புப் பூஞ்சை" என்று இதையும் ஒருத்தர் ஃபார்வர்டு ஆக்கிவிட முடியும். தயிரும் கிருமியால்தான் உறைகிறது, அதை யாரும் ஃபார்வர்டு பண்ணுவதில்லை.

இந்தப் பட்டியலின் பூர்வீகம்தான் என்னை அசரவைத்தது. இது வாட்ஸ்அப் காலத்துப் பொய்யே இல்லை. 1976-ல் பிரான்சில் ஒரு துண்டுச் சீட்டாகப் பிறந்தது. பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள வில்ஜுயிஃப் என்ற ஊரின் புகழ்பெற்ற புற்றுநோய் மருத்துவமனை வெளியிட்டதாக அதில் போட்டிருந்தது. மருத்துவமனையோ "எங்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை" என்று மறுத்தது. ஆனாலும் டைப் அடித்து, ஜெராக்ஸ் எடுத்து, கை மாறி கை மாறி ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் போனது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று படித்தவர்கள் புழங்கும் இடங்களிலும் சுற்றியது. ஜான் நோயல் காப்ஃபெரர் என்ற ஆய்வாளர் இந்த வதந்தியை மட்டுமே எடுத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கிறார்.

பட்டியலில் எத்தனையோ பொருட்கள் இருக்க, பாவம் சிட்ரிக் அமிலம் ஏன் முதலிடத்தில் மாட்டியது? ஒரு விளக்கம் உண்டு. பிளஸ் ஒன், பிளஸ் டூ உயிரியலில் 'கிரெப்ஸ் சுழற்சி' படித்திருப்பீர்கள். நம் செல்கள் சக்தி எடுக்கும் வழி. சிட்ரிக் அமிலச் சுழற்சி என்றும் பெயர். கண்டுபிடித்தவர் ஹான்ஸ் கிரெப்ஸ், 1953-ல் நோபல் வாங்கியவர். ஜெர்மன் மொழியில் 'கிரெப்ஸ்' என்றால் புற்றுநோய் என்றும் அர்த்தம். யாரோ ஒருத்தர் சிட்ரிக் அமிலத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு முடிச்சுப் போட்டிருக்கலாம். அந்த முடிச்சுதான் ஓ.எம்.ஆர். பேன்ட்ரி வரைக்கும் வந்து ஒரு கேக்கை வீணடித்திருக்கிறது.

பெரிய ஆஸ்பத்திரியின் பெயரை இரவல் வாங்குவது பழைய வித்தை. நம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையே இதற்குப் பலியானது. "இமிடினெஃப் மெர்சிலெட் என்ற மருந்து ரத்தப் புற்றுநோயைக் குணமாக்கும், அடையாறில் இலவசம்" என்று ஒரு மெசேஜ் மெயில் காலத்திலிருந்தே சுற்றுகிறது. அந்தப் பெயரில் மருந்தே கிடையாது. 'இமாட்டினிப் மெசிலேட்' என்பதன் சிதைந்த வடிவம் அது. அதுவும் எல்லா ரத்தப் புற்றுநோய்க்கும் அல்ல, குறிப்பிட்ட சில வகைகளுக்குத்தான் பயன்படுகிறது. மருத்துவமனை விளக்கம் கொடுத்த பிறகும் மெசேஜ் நிற்கவில்லை. இதை ஃபார்வர்டு செய்த ஒவ்வொருவரும் யாருக்கோ உதவுவதாகத்தான் நினைத்திருப்பார்கள். எங்கள் சீனியரும் அப்படித்தான்.

எனக்குத் தெரியும், ஆனால் சொல்லவில்லை

இங்கேதான் என் பிரச்சினை. "ஈ330" என்று மேசைக்கு அடியில் போனை வைத்துத் தேடினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. சிட்ரிக் அமிலம் என்று வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். மெசேஜ் போட்டவர் எதிரில் உட்கார்ந்து கல்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால், எல்லோர் எதிரிலும், "சார், இது ஃபேக்" என்று சொல்ல வாய் வரவில்லை. அப்ரைசல் மாசம் வேறு. இரண்டு துண்டு கேக் எடுத்துச் சாப்பிட்டேன். அதுதான் என்னுடைய வீரம்.

புது வருஷத்துக்கு அதே அக்காவிடம் 5 கிலோ சொல்வதாக இருந்தது. "இந்தத் தடவை வேற இடம் பாத்துக்கலாம்" என்று முடிவானது. அக்கா எனக்குப் போன் செய்தார். "என்ன தம்பி, கேக் சரியா வரலையா? சொன்னா அடுத்த தடவை சரி பண்ணிக்கிறேன்ல?" நான் சொன்ன பதில்: "அதெல்லாம் இல்லக்கா, பட்ஜெட் இல்லைன்னுட்டாங்க."

ஒரு பொய்யைத் திருத்த வாய் திறக்காதவன், கடைசியில் தானே ஒரு பொய் சொன்னான்.

ஃபார்வர்டு என்றாலே குடும்ப குரூப், பெரியப்பா, குட் மார்னிங் ரோஜாப்பூ என்று கிண்டல் செய்யும் தலைமுறை நாம். என்னைக் கேட்டால் ஆபீஸ் குரூப்தான் அதைவிட ஆபத்து. பெரியப்பாவிடம் "சும்மா இருங்க பெரியப்பா, இது பொய்" என்று சொல்லிவிடலாம். அவர் கோபித்துக்கொண்டாலும் பொங்கலுக்கு வந்துவிடுவார். ஆபீஸில் மெசேஜின் உண்மை, அனுப்பியவரின் டெசிக்னேஷனைப் பொறுத்தது. மேலே இருப்பவர் போட்டால் பத்துக் கட்டைவிரல், கேள்வி பூஜ்யம்.

மோசடிக்காரர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். டிசம்பரில் வரும் ஒரு வகை மெசேஜைப் பாருங்கள். பாஸின் போட்டோ, பாஸின் பெயர், புது நம்பர். "மீட்டிங்கில் இருக்கிறேன், கிளையன்ட்டுக்குக் கிறிஸ்துமஸ் கிஃப்ட் கார்டு வாங்கி கோடை அனுப்பு, யாரிடமும் சொல்லாதே." பாஸைத் திருப்பிக் கேட்கக் கூச்சப்படுகிறோம் இல்லையா, அந்தக் கூச்சம்தான் அவர்களுடைய முதலீடு. வாழ்த்து அட்டை, கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வரும் ஏ.பி.கே. ஃபைலும் இதே ரகம். வாழ்த்தைப் படிக்க ஆப் எதற்கு? இன்ஸ்டால் செய்யாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்க, பணத்தை வழியில் நிறுத்துவது கஷ்டம்.

கேக்குக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றலாம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூர் பக்கம் குலதெய்வக் கோயிலைத் தேடிப் போன ஒரு குடும்பம், வழியில் இருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தது. குழந்தை கடத்தும் கும்பல் நடமாடுகிறது என்று அப்போது வாட்ஸ்அப்பில் மெசேஜ் பறந்துகொண்டிருந்தது. அந்தக் குடும்பத்தை ஊரே சூழ்ந்து அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். நாடு முழுக்க அந்த வருஷம் இதுபோல நடந்த கொலைகளுக்குப் பிறகுதான், இந்தியாவில் ஒரு மெசேஜை ஒரே நேரத்தில் 5 சாட்டுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் மாற்றியது. இரட்டை அம்பு போட்ட மெசேஜை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டும்தான் அனுப்ப முடியும் என்பது 2020-ல் வந்தது. கம்பெனி வேகத்தைக் குறைத்தது. உண்மையா என்று பார்க்கும் வேலை நம்மிடம்தான் இருக்கிறது.

எப்படிச் சொல்வது என்பதுதான் கஷ்டம். "ஃபேக்" என்ற ஒற்றை வார்த்தை எதிராளியை முட்டாளாக்கிவிடும், அவர் அடுத்த நிமிஷமே தன் பக்கத்தை நிரூபிக்கக் கிளம்பிவிடுவார். ஜனவரி முதல் வாரம் சீனியரிடம் தனியாக டீ குடிக்கும்போது சொன்னேன். "சார், அந்த 330 நம்ம எலுமிச்சம்பழம்தான் சார்." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிரித்தார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேய்யா, நானும் கேக் சாப்பிடல" என்றார். குரூப்பில் அவரே திருத்தம் போட்டார். மூன்று கட்டைவிரல் வந்தது. பொய்க்கு வந்ததில் பாதிகூட இல்லை, ஆனால் வந்தது.

அக்காவிடமும் உண்மையைச் சொன்னேன். பட்ஜெட் விஷயம் பொய் என்பதுதான் அவருக்கு அதிகம் வலித்தது என்று நினைக்கிறேன். "கேக்கப் பத்திச் சொன்னாங்கன்னா நான் பதில் சொல்லியிருப்பேன் தம்பி. எனக்குச் சொல்ல வாய்ப்பே இல்லாமப் போச்சு" என்றார்.

இந்த வருஷம் கேக் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். 4 கிலோ, அதே அக்கா. டூட்டி ஃப்ரூட்டி போடட்டுமா, வேண்டாமா என்று கேட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். போடுங்க, ஸ்டிக்கரையும் ஒட்டுங்க என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.