கைமாறும் ஆலை நிலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பின்லாந்தின் வனப் பிரதேசத்தில் 1865ஆம் ஆண்டு மரக்கூழ் ஆலையாகத் தோன்றிப் பிற்காலத்தில் கைப்பேசியால் உலகப் பிரசித்தி பெற்ற நோக்கியா, ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கி, வரி வழக்கில் சொத்துக்கள் முடக்கப்பட்டு, 2014 நவம்பரில் கதவடைத்ததையும், முன்பு அதற்கே சார்ஜர் செய்து கொடுத்த சால்காம்ப் அந்த ஆலையை வாங்கப்போவதாக 2019இல் அறிவிப்பு வந்ததையும் தங்கள் வாசகர்கள் அறிவார்கள். இடைப்பட்ட வருஷங்களில், அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நின்ற இளம்பெண்களின் கதி என்னவாயிற்று என்று கேட்பார் இல்லை.

இன்றும் அருகிலுள்ள ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் தொழிற்சாலை நிலம் விலை பேசப்படுகிறது. தமிழக அரசின் தொழில் முன்னேற்றக் கழகமான சிப்காட் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடும் மனைகள், பொதுநன்மையின் பெயரால் குடியானவர்களிடமிருந்து பெற்ற பூமியையும் உள்ளடக்கியவை. ஆகையால் அவை கைமாறும்போது, பழைய தொழிலாளருக்கு முதல் அழைப்பு, உற்பத்தி தொடங்கும் தேதி, ஊர் ஏரிக்கு நீர் செல்லும் கால்வாயின் பராமரிப்பு ஆகிய மூன்றையும் பத்திரத்திலேயே நிபந்தனையாக்கி, அதன் நகலை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுமாறு அரசாங்கத்தை வேண்டுகிறேன்.

தங்கள் வாசகன்,
ஒரகடம்