காவலாளி இல்லாத தமிழ்த் தளங்கள்

புலம்பெயர் தமிழ் அமைப்புக்கள் இணையத்தளத்தைத் திறந்துவைக்க விழா எடுக்கின்றன. அது முடங்கினாலோ, வாசகர் எவரேனும் தொலைபேசியில் சொன்ன பின்னரே விழிக்கின்றன.

காசில்லை என்பது வெறும் சாக்கு. 2021 இல் வெளிவந்த ‘அப்டைம் குமா’ இலவசத் திறந்தமூல மென்பொருள். நாகியோஸ், சபிக்ஸ் என்பன பெரும் வலையமைப்புக்களுக்கு உரியவை. ஒரு சங்கத்தின் தளத்துக்குக் குமாவே போதும். நிமிடந்தோறும் தளத்தைச் சோதிக்கும். முகப்பில் குறித்த சொல் மறைந்தாலும், பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகும் நாள் நெருங்கினாலும் மின்னஞ்சலில் எச்சரிக்கும்.

ஆனால் தளம் இயங்கும் வழங்கியிலேயே அதை நிறுவுவது மடமை. வழங்கி வீழ்ந்தால் காவலாளியும் சேர்ந்தே வீழ்வான்.

பிள்ளைகள் கணினித்துறையில் சிறக்கிறார்கள் என்று பெருமைகொள்ளும் பெற்றோரே! இக்காவலை அவர்களிடம் ஒப்படையுங்கள். பொறுப்பைக் கொடுக்காமல், இளையோர் தமிழ்ப்பணிக்கு வருவதில்லை என்று புலம்புவது நேர்மையாகாது.