பழைய கிட்டாருக்கு உப்புத்தாள் வேண்டாம்

வில்லி நெல்சனின் கிட்டாரில் இரண்டு ஓட்டைகள். ஒன்று மார்ட்டின் நிறுவனம் போட்டது. மற்றது, அரை நூற்றாண்டு வாசிப்பில், தந்தியை மீட்டும் பிக் உரசி உரசி விழுந்தது.

1969-ல் அந்த அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகரின் பால்ட்வின் கிட்டாரைக் குடிபோதையில் ஒருவர் மிதித்து நொறுக்கிவிட்டார். நாஷ்வில்லில் கிட்டார் பழுதுபார்க்கும் ஷாட் ஜாக்சன் அது தேறாது என்று சொல்லி, தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் அதன் பிக்கப்பை மட்டும் கழற்றி மார்ட்டின் என்-20 ஒன்றில் பொருத்தித் தந்தார். விலை 750 டாலர். ‘டிரிக்கர்’ என்று பெயர் வைத்தார் நெல்சன். அது விரலால் வாசிக்கும் நைலான் தந்திக் கிட்டார். மேற்பலகையைக் காக்கும் தகடு கிடையாது. நெல்சனோ பிக் பிடித்து வாசித்தார். பலகை தேய்ந்து ஓட்டையானது. டிரிக்கரைப் பல பத்தாண்டுகளாகப் பராமரித்துவரும் ஆஸ்டின் நகரத்து மார்க் எர்லிவைன் அந்த ஓட்டையை அடைக்கவில்லை. உள்சட்டங்களுக்கு வலுவூட்டி, மேலே லாக்கர் பூசிக் காத்துவருகிறார்.

சரியான வைத்தியம் இதுதான். முதலில் கட்டுமானம், அடுத்து வாசிக்கும் வசதி. அழகு கடைசியில் வரட்டும், வராவிட்டாலும் நட்டமில்லை. ஆனால் செகண்ட் ஹேண்டில் கிட்டார் வாங்கும் பலர் முதலில் தேடுவது உப்புத்தாளையும் வார்னிஷையும்தான். மேற்பலகையின் கனம் சுமார் 3 மில்லிமீட்டர். அது அதிர்வதால்தான் ஒலி பிறக்கிறது. தேய்த்தால் பலகை வலுவிழக்கும், தடித்த பூச்சு ஏறினால் அதிர்வு அடங்கும். பழம்பொருள் சந்தையில் விலையும் விழும்.

உண்மையான நோய் வேறிடத்தில் இருக்கிறது. ஆறு எஃகுத் தந்திகள் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. ஆண்டுக்கணக்கில் அந்த இழுவையைத் தாங்கிய பிரிட்ஜ், அதாவது தந்திகளைப் பிணைக்கும் கட்டை, பலகையை விட்டு எழும்பும், மேற்பலகை வயிறுபோல் உப்பும், கழுத்து முன்னால் சாயும். நைலானுக்குச் செய்த கிட்டாரில் எஃகுத் தந்தி கட்டினால் இவை சீக்கிரமே நேரும். அந்தக் காலத்து நல்ல கிட்டார்களை வஜ்ஜிரப் பசை போட்டு ஒட்டினார்கள். சூடும் ஈரமும் பட்டால் வஜ்ஜிரம் விட்டுக்கொடுக்கும். அதனால் கழுத்தைக் கழற்றி, கோணம் திருத்தி, மறுபடி ஒட்ட முடியும். அந்த இடத்தில் எபாக்சிப் பசையை ஊற்றுபவர், அடுத்துப் பழுதுபார்க்க வருபவரின் கையைக் கட்டிவிடுகிறார்.

மாற்றவே கூடாது என்பதல்ல. ராக் பாடகர் கர்ட் கோபேன் பழையதாக வாங்கிய 1959-ம் ஆண்டு மார்ட்டின் டி-18இ கிட்டாரை இடக்கை வாசிப்புக்கு மாற்றிக்கொண்டார். தொழிற்சாலை வைத்த பிக்கப்களை அப்படியே விட்டு, ஒலித்துளையில் இன்னொன்றைப் பொருத்தினார். 2020-ல் அது 60 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அந்த விலை கோபேனின் புகழுக்குக் கிடைத்தது, உண்மைதான். ஆனாலும் பழையதை அழிக்காமல் புதியதைச் சேர்த்த அந்த முறை பின்பற்றத் தக்கது.

மரத்தையும் நினைக்க வேண்டும். டிரிக்கரின் முதுகும் பக்கங்களும் பிரேசில் ஈட்டி. அந்த மரம் அரிதானதால் மார்ட்டின் நிறுவனம் 1969-ல் இந்திய ஈட்டிக்கு, நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் தோதகத்திக்கு, மாறியது. பிரேசில் ஈட்டியின் பன்னாட்டு வணிகத்துக்கு 1992 முதல் கிட்டத்தட்ட முழுத் தடை. இந்திய ஈட்டிக்கும் இப்போது கட்டுப்பாடு உண்டு. பழைய கிட்டாரைக் கெடுத்துவிட்டால் அதே மரம் எளிதில் கிடைக்காது.

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு கிட்டார் கிடந்தால், இன்றே இறக்கித் தந்திகளைத் தளர்த்துங்கள். பிரிட்ஜுக்கு அடியில் ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால், கைதேர்ந்த ஒருவரிடம் கொண்டுபோங்கள். கீறல்களை அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள்.