வாஷரைப் பாருங்கள்

கோடை வந்துவிட்டால் அச்சரப்பாக்கத்தை ஒட்டிய ஜி.எஸ்.டி. சாலையோரம் நுங்கும் பதநீரும் வந்துவிடும். மண்பானை இருந்த இடத்தில் இப்போது சில கடைகளில் புத்தம்புது எவர்சில்வர் டிரம், அடியில் ஒரு குழாய். பார்க்கச் சுத்தம்தான். ஆனால் வாயில் வைத்தால் சில சமயம் சைக்கிள் டியூப் வாடை அடிக்கிறது. உடனே "என்னத்தையோ கலந்துட்டான்யா" என்று பனையேறியைத் திட்டுகிறோம். பல நேரம் அது வீண்பழி.

பதநீர் கெட்டால் அதன் போக்கே வேறு. பாளையில் கட்டும் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவது, சர்க்கரையைத் தின்று புளிக்கவைக்கும் ஈஸ்டையும் பாக்டீரியாவையும் அடக்கத்தான். சுண்ணாம்பு குறைந்தால் நுரையும் புளிப்பும். கூடினால் நாக்கு காறும். முழுக்கப் புளித்துவிட்டால் அது கள். கள்ளுக்கு இங்கே 1987 முதல் தடை என்பதால் விஷயம் ருசியோடு நிற்காது. ரப்பர் வாடை, எண்ணெய்ப் பிசுக்கு, ஆஸ்பத்திரி நெடி இவையெல்லாம் மரத்திலிருந்து இறங்குபவை அல்ல.

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்களுக்கு இந்தத் தலைவலி நன்றாகத் தெரியும். 1978-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அவர்களுக்கு வழிவிட்டது. (நம் ஊரில் 1937-ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, ஆசைப்பட வேண்டாம்.) குளிர்பானக் கம்பெனிகள் கழித்துவிட்ட 19 லிட்டர் எவர்சில்வர் உருளைகளை வாங்கி அதில் பீரை அடைத்தார்கள். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் பீரில் பழைய கோலா மணம். உருளை மேல் தப்பில்லை. மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம்தான் வாடையை உறிஞ்சி வைத்திருந்தது. வளையத்தை மாற்றியதும் சரியாகிவிட்டது.

நம் டிரம்முக்கும் அதே வைத்தியம்தான். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் மூன்று கண்ணாடி டம்ளர் எடுத்து, ஒன்றில் டிரம்மின் வாய்வழியே மொண்ட தண்ணீர், ஒன்றில் குழாய்வழியே பிடித்தது, ஒன்றில் டிரம்முக்கே போகாத அதே தண்ணீர். குடித்துப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் மட்டும் நாறினால் வாஷரும் பிளாஸ்டிக் டியூபும்தான் குற்றவாளி. குழாயைக் கழற்றினால் நேற்றைய பதநீர் கொழகொழவென்று ஒட்டியிருப்பதும் உண்டு. அதைப் பிரஷ் விட்டுத்தான் எடுக்க முடியும்.

மொண்ட தண்ணீரும் நாறினால் உள்சுவரை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணி கறுத்தால், பட்டறையில் போட்ட பாலிஷ் இன்னும் போகவில்லை. சமையல் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு, சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவினால் போய்விடும். பிளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டாம். மருந்து நெடி ஏறும், எவர்சில்வரையும் புள்ளி புள்ளியாக அரிக்கும். விலை குறைவென்று அலுமினியப் பாத்திரம் வாங்குவது அதைவிட மோசம். சுண்ணாம்பு அலுமினியத்தை அரித்துவிடும்.

கல்யாண மண்டபத்து மோர் டிரம்முக்கும் இதெல்லாம் பொருந்தும், அங்கே கேட்க நாதியில்லை. பதநீர்க் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: டிரம் வாங்கும்போதே உணவுக்கு உகந்த சிலிகான் வாஷர் இரண்டு சேர்த்து வாங்கிவிடுங்கள். விடியுமுன் மரம் ஏறி இறக்கியதை ஒரு ரப்பர் துண்டு கெடுக்க விடாதீர்கள்.