தனிமைக் காலத் திட்டத்தை ஊரே எழுத வேண்டும்

தொற்றுநோய் பரவும்போது ஒரு வீட்டையோ தெருவையோ தனிமைப்படுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு. 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம் இன்றும் அதற்குக் கைகொடுக்கிறது. ஆனால் அடைபட்ட வீட்டு மாட்டுக்கு யார் புல் அறுப்பது என்று எந்தச் சட்டமும் சொல்லாது. அதை ஊர்தான் முடிவுசெய்ய முடியும், அதுவும் நோய் வருவதற்கு முன்பே. ஒவ்வொரு கிராம ஊராட்சியிலும் மக்களுக்கு இதற்கான பயிற்சி தரப்பட வேண்டும், திட்டத்தை அவர்களே எழுத வேண்டும் என்பது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

கொரோனா பரவிய 2020 மார்ச்சில் சென்னையிலிருந்து மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்துக்குத் திரும்பிய ஏழு தொழிலாளர்களை 14 நாள் தனித்திருக்கச் சொன்னார்கள். அவர்கள் வீடுகளில் தனி அறை கிடையாது. மரக்கிளைகளில் கட்டிலைக் கட்டி, கொசுவலை மாட்டி, அங்கேயே தங்கினார்கள். ஒத்துழைக்க மனமிருந்தும் இடமில்லாதவர்கள் அவர்கள். அதே நாட்களில் தமிழ்நாட்டில் பல ஊர்கள் முள்ளை வெட்டிப்போட்டு ரோட்டை மறித்தன. அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக வேண்டியவர்களுக்கும் அதே முள்தான். முன்கூட்டிப் பேசி வைக்காத ஊரில் பயம்தான் திட்டம் போடுகிறது.

பஞ்சாயத்து ஆபீசில் படம் காட்டிக் கைகழுவச் சொல்லித்தருவதோடு பயிற்சி முடிந்துவிடாது. பால் ஊற்றிப் பிழைக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நிபா நோயாளியோடு பழகியவர்களை 21 நாள் கண்காணிப்பில் வைக்கிறார்கள். அந்த வீடு அப்படி அடைபட்டாலும் மாட்டைக் காலையும் மாலையும் கறந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மடி கட்டிக்கொள்ளும். அந்தப் பாலை சொசைட்டியில் எடுப்பார்களா? எடுக்காவிட்டால் மகளிர் குழுத் தவணையை எதைக்கொண்டு கட்டுவது? பாட்டியின் சர்க்கரை மாத்திரையை யார் வாங்கி வந்து வாசலில் வைப்பது? பிள்ளைத்தாய்ச்சிக்கு நடுராத்திரியில் வலி கண்டால் எந்த வண்டி? இவற்றைத் தெருத்தெருவாக நடந்து கேட்டு, பொறுப்பாளர் பெயரோடும் போன் நம்பரோடும் எழுதி முடிப்பதுதான் பயிற்சி. ஆண்டுக்கு ஒருநாள் ஒத்திகையும் வேண்டும். பள்ளிக்கூடத்தை முகாமாக்கலாம் என்று காகிதத்தில் எழுதுவது சுலபம். அங்கே கழிப்பறைக்குத் தண்ணீர் ஏறாது என்பதும், பெண்கள் குளிக்க மறைப்பு இல்லை என்பதும் ஒத்திகையில்தான் தெரியவரும்.

இதையெல்லாம் சுகாதாரத் துறை பார்த்துக்கொள்ளும் என்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பதுதான் கணக்கு. அங்குள்ள கிராம சுகாதாரச் செவிலியர் தடுப்பூசியையும் பிரசவத்தையும் விட்டுவிட்டு வீடுவீடாக அரிசி கொண்டுபோக முடியாது.

சாதியைப் பேசாமல் இந்தத் திட்டத்தை எழுத முடியாது. ரேஷன் கடையும் பால் சொசைட்டியும் ஊருக்குள் இருந்து, அடைபடுவது காலனியாக இருந்தால், பொருள் போகும் வழி எது? முகாமின் கழிப்பறையைக் கழுவும் வேலையைக் கூடுதல் கூலியில்லாமல் தூய்மைக் காவலர்கள் தலையில் கட்டும் எந்தத் திட்டத்தையும் நாங்கள் ஏற்க மாட்டோம். பட்டியல் சாதியினரும் பெண்களும் உட்காராத குழு போட்ட திட்டத்தையும் ஏற்க மாட்டோம்.

பணம் அரசுதான் தர வேண்டும். ஒடிசாவில் 2020 ஏப்ரலில் ஊராட்சித் தலைவர்களுக்கு ஆட்சியருக்குரிய அதிகாரங்கள் தரப்பட்டன. வெளியூரிலிருந்து திரும்பித் தனிமைக் காலத்தை முடித்தவர்களுக்கு 2,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டது. அந்த அதிகாரத்தை அப்படியே இங்கே கொண்டுவர நாங்கள் கேட்கவில்லை. முள் வெட்டிய கைகளில் அதைக் கொடுக்க எங்களுக்குத் தயக்கம் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் சரியான யோசனை. அன்றாடங்காய்ச்சிக்குக் கூலி தராமல் அவரை வீட்டில் இருக்கச் சொல்வதும், வேலைக்குப் போனதற்காக வழக்குப் போடுவதும் அநியாயம்.

வரும் அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரும்படி ஊராட்சிகளைக் கேட்டுக்கொள்கிறோம். திட்டத்தின் நகலை ரேஷன் கடைச் சுவரிலும் காலனி தண்ணீர்த் தொட்டியிலும் ஒட்டி வைக்க வேண்டும்.